குஷன்காரர் உட்காராத சோபா

குஷன்காரருக்கு உலகத்திலேயே பிடிக்காத ஒரே விஷயம் சுருக்கம். சோபாவின் கையில், நாற்காலியின் மூலையில், பஸ் சீட்டின் ஓரத்தில் என்று எங்கே துணி கொஞ்சம் தளர்ந்து மடிந்து கிடந்தாலும் மனுஷனுக்கு விரல் பரபரக்கும். அடுத்தவர் வீடு, ஆஸ்பத்திரி, பேங்க் என்றெல்லாம் பார்க்கமாட்டார். இழுத்து, மடித்து, உள்ளே தள்ளி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிச் சமன் செய்தால்தான் அவருக்கு மூச்சே வரும். "மூஞ்சியில சுருக்கம் விழட்டும், பரவாயில்ல. சீட்ல விழக் கூடாது" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

கடை என்றால் பெரிய கடை இல்லை. பூட்டு ரிப்பேர் செய்கிறவருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு அறை. கூரை வரைக்கும் ஃபோம் அடுக்கியிருக்கும். சுவரோரம் ரெக்சின் சுருள்கள். வெட்டுகிற மேஜையில் வளைந்த ஊசி, சாக்பீஸ், பெரிய கத்தரி, பின் அடிக்கிற துப்பாக்கி. எந்நேரமும் பசை வாசனை. ஒரு சோபா முடிந்தால் அவர் செய்கிற முதல் காரியம், திரும்பி நின்று தொப்பென்று அதில் விழுவது. எழுந்து உள்ளங்கையால் சீட்டைத் தடவிப் பார்ப்பார். மறுபடி விழுவார். வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். "நான் உக்காந்து பாக்காத சீட்டு இந்தக் கடைய விட்டுப் போகாது. நாளைக்கு நீங்க உக்காந்து திட்டறதுக்கு, நானே இன்னிக்கு உக்காந்து திட்டிக்கறேன்" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாளிலிருந்து உட்காருவதையே விட்டுவிட்டார்.

எல்லாம் ப்ராஸ்டேட் ஆபரேஷனால் வந்த வினை. ஆபரேஷன் என்னவோ நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் மூத்திரம் போக உள்ளே விட்டிருந்த குழாயை எடுத்த பிறகு மூத்திரம் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. இருமினால் வரும், குனிந்தால் வரும், சிரித்தால் வரும். வீட்டுக்குக் கிளம்புகிற நாளில் நர்ஸ் ஒரு டயப்பர் பாக்கெட்டைக் கொண்டுவந்து கட்டில் மேல் வைத்தார்.

"கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க. சில பேருக்கு சீக்கிரம் நிக்கும், சில பேருக்கு நாளாகும். அது வரைக்கும் இதைப் போட்டுக்கணும். எப்படிப் போடணும்னா..."

குஷன்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார். பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கிறாரே என்ற வெட்கம் ஒரு பக்கம், தொழில் கர்வம் ஒரு பக்கம். "அம்மா, நான் காலமெல்லாம் சீட்டுக்குக் கவர் போட்ட ஆளு. எனக்குப் போய் இதைச் சொல்லித் தரணுமா?"

நர்ஸுக்கு இன்னும் எத்தனையோ கட்டில்கள் இருந்தன. "சரி, பாக்கெட் மேல படம் இருக்கு, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். படத்தை இவர் பார்த்தாரா? எங்கே பார்த்தார்! பாக்கெட்டைக் கிழித்த கிழியில் படம் இரண்டாகப் போய் குப்பைக் கூடையில் விழுந்தது.

வீட்டில் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவர் செய்ததையெல்லாம் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. டயப்பரை விரித்துப் பார்த்தார். தொடை வருகிற இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வைத்து ஃபிரில் மாதிரி சுருக்கம் சுருக்கமாக இருந்தது. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவன் இதைத் தைத்தான், ஓரத்தைக் கூட மடிக்காமல் விட்டிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே, அந்தச் சுருக்கத்தையெல்லாம் விரலால் நீவி, மடித்து, உள்பக்கமாகத் தள்ளிவிட்டார். சோபா ஓரத்தில் துணியை எப்படிச் செருகுவாரோ அப்படி. பிறகு ஒட்டுகிற பட்டைகளை இரண்டு கையாலும் விறைப்பாக இழுத்து நேர்க்கோட்டில் ஒட்டினார். கண்ணாடியில் பார்த்தால் ஒரு சுருக்கம் இல்லை. அவருக்கே பரம திருப்தி.

சாயங்காலத்துக்குள் பேன்ட் நனைந்துவிட்டது.

துணி பற்றவில்லை என்று முடிவு கட்டினார். தொழிலில் அவர் எப்போதும் நாலு விரல்கடை கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவார். அந்தக் கணக்கில் தன் இடுப்புக்கு மேல் ஒரு சைஸ் பெரியதாக வாங்கினார். அதிலும் ஒழுகியது. சரி, ஒன்று போதாது என்று ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டார். ஐயா, உள்ளே இருப்பதற்கும் அடியில் பிளாஸ்டிக்தானே, அதைத் தாண்டி ஈரம் எப்படி அடுத்ததற்குப் போகும்? நிறைந்தால் பக்கவாட்டில்தான் வழியும். அதைச் சொல்ல ஆள் வேண்டுமே! மனைவி கதவைத் தட்டி, "என்னங்க, நான் ஒரு தடவை பாக்கறேனே" என்று கேட்டால், "பாத்து என்ன செய்யப்போற? போ அந்தப் பக்கம்" என்று உள்ளிருந்தே சீறுவார். நனைந்த துணிகளைத் தானே துவைத்துத் தானே காயப்போட்டார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டை கூடத் துவைத்தறியாத மனுஷன்.

இதெல்லாம் கூட அவரோடு போயிருக்கும். மகள் வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் வேறு பக்கம் திரும்பியது.

மகள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். மகளே பார்த்துப் பிடித்துப்போன பையன். ராத்திரி பகல் தெரியாத வேலை, இவன் எப்போது வீட்டில் இருப்பான், எப்போது குடும்பம் நடத்துவான் என்று குஷன்காரர் ஏக ரகளை செய்தார். கல்யாணத்துக்கு வந்தார், ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். அப்புறம் மெல்ல மெல்ல இறங்கி வந்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு சோபா செய்தார். மகள் ஆசைப்பட்டாள் என்று பால் நிறத் துணி. "கறை பிடிக்கும்மா, ப்ரவுன் ரெக்சின் போடறேன்" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் அப்பாவுக்குப் பிறந்தவள், விடவில்லை. சோபாவை வேனில் ஏற்றிக்கொண்டு போய், மகள் வீட்டுக் கூடத்தில் இறக்கி, எல்லார் முன்னாலும் தொப்பென்று அதில் விழுந்தார். மாப்பிள்ளை சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா, அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம், அவரும் சிரித்தார். அன்றைக்குத்தான் அந்தச் சம்பந்தமே சம்பந்தமானது.

ஆபரேஷன் முடிந்து முதல் தடவையாக அந்த வீட்டுக்குப் போனபோது பேரனுக்கு இன்னும் கவிழக் கூடத் தெரியாது. ஆபரேஷன் நடந்தது எல்லாருக்கும் தெரியும். டயப்பர் விஷயம் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. "வெளிய சொன்னே, நான் வீட்டை விட்டே போயிடுவேன்" என்று மனைவியை மிரட்டி வைத்திருந்தார். குழந்தையை அவர் பக்கத்தில் சோபாவில் கிடத்திவிட்டு மகள் உள்ளே போனாள். மாப்பிள்ளை ஏதோ ஜோக் சொன்னார். குஷன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரித்து முடிக்கும்போது அடியில் வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளை போன் பேச வெளியே போனதும் எழுந்து பார்த்தார். பால் நிறத் துணியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. அவர் கையாலே இழுத்துத் தைத்த துணி. குழந்தையைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டார், குஷனைத் தூக்கித் திருப்பிப் போட்டார், குழந்தையை மறுபடி அதன் மேல் கிடத்தினார். கடையில் அவசர வேலை என்று சொல்லிவிட்டு, சட்டையை முன்னும் பின்னும் இழுத்துவிட்டுக்கொண்டு ஓடாத குறையாகக் கிளம்பினார். வழியெல்லாம் அவருக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டில் உட்காரவில்லை. போவார், பேரனைப் பார்க்காமல் இருக்க முடியாதே. ஆனால் கூடத்தில் ஜன்னல் ஓரமாக நிற்பார். "உக்காருங்க மாமா" என்றால் "இருக்கட்டும் மாப்ள, கால் நீட்டின மாதிரி இருக்கும்" என்பார். சம்பந்தியம்மா தண்ணீர் கொண்டுவந்தால் வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்துவிடுவார். குடித்தால் வருமே என்ற பயம். பேரனைக் கையை நீட்டித் தன் உடம்பில் படாமல் தூக்குவார், உடனே கொடுத்துவிடுவார். பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவார்.

இப்போது அந்த வீட்டுக்காரர்கள் பக்கம் இருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு மனுஷன் மகள் வீட்டுக்கு வருகிறான். உட்காரமாட்டேன் என்கிறான், அதுவும் தானே செய்து கொடுத்த சோபாவில். தண்ணீர் கூட வாயில் வைக்கமாட்டேன் என்கிறான். குழந்தையைத் தொடவே கூசுகிறான். வேறு என்ன நினைப்பார்கள்? பழைய கோபம் மறுபடி தலை தூக்கிவிட்டது என்றுதான் நினைத்தார்கள்.

போன மாசம் அது வெடித்தது. குஷன்காரரும் மனைவியும் போயிருந்தார்கள். இவர் வழக்கம்போல ஜன்னல் ஓரம். சம்பந்தியம்மா தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டே, மனைவியைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னார். "உங்க வீட்டுக்காரருக்கு எங்க வீட்டுத் தண்ணி இறங்கலை, எங்க வீட்டு சோபா குத்துது. நாங்க ஒண்ணும் கேக்கலை சம்பந்தி. புடிக்கலைன்னா வாய் விட்டுச் சொல்லிடலாம்ல?"

மனைவி வாயைத் திறந்தார். கணவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"அப்படியெல்லாம் இல்ல சம்பந்தி. கடையில வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு குஷன்காரர் மகளிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று உள் அறைக்குப் போனார். மகள் குழந்தைக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள். வெளியே பேசியது அவள் காதில் விழுந்திருந்தது. தலையைத் தூக்கவில்லை. பிள்ளை காலை உதைத்துக்கொண்டு சிரித்தது. அவள் டயப்பரை நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்துக் குழித்துவிட்டு, அடியில் செருகினாள், முன்பக்கம் இழுத்தாள், பட்டைகளை ஒட்டினாள். பிறகு சுட்டுவிரலை இரண்டு தொடை ஓரத்திலும் ஒரு சுற்று ஓட்டி, உள்ளே மடங்கியிருந்த ஃபிரிலை வெளியே எடுத்துவிட்டாள்.

குஷன்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

"அதை ஏம்மா வெளிய எடுக்கற?"

"எதை?"

"அந்தச் சுருக்கத்தை. உள்ள தள்ளினாத்தானே நீட்டா இருக்கும்?"

மகளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை மாசம் கழித்து அப்பா கேட்கிற முதல் கேள்வி இதுவா? "உள்ள மடங்கிக் கெடந்தா ஒழுகும்பா. அந்தச் சுருக்கம்தான் தொடையோட ஒட்டி நின்னு தடுக்கும். நீட்டா இருந்து என்ன பண்ணறது?" என்றாள். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. "அப்பா, இவரைப் புடிக்கலைன்னா புடிக்கலைன்னு இருங்க. ஆனா நின்னுட்டுப் போறதுக்காக இங்க வராதீங்க. எங்க மாமியார் முன்னாடி எனக்கு ரொம்பக் கேவலமா இருக்கு. இனிமே அம்மாவை மட்டும் அனுப்புங்க."

இதற்கு ஒரு தகப்பன் என்ன சொல்ல வேண்டும்? எதையாவது சொல்லியிருக்க வேண்டும். குஷன்காரர் குழந்தையின் தொடையையே பார்த்துக்கொண்டு நின்றார். 'அப்போ நான் மடிச்சதுதான் தப்பா' என்று மனசு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. மகள் பேசியதில் பாதி காதில் விழவில்லை. "ம்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவிட்டார்.

பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தார். மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்து பொரிந்து தள்ளினார்.

"பெத்த பொண்ணு அழுதுட்டு நிக்குது. 'ம்'முன்னு ஒரு வார்த்தை. உங்க நெஞ்சு என்ன கல்லா? இனிமே வராதேன்னு சொல்லிட்டா, கேட்டுச்சா இல்லையா?"

"வராதேன்னா சொன்னா?"

"அடக் கடவுளே!" என்று மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான், இன்னும் கொஞ்ச நாளில் நடப்பான், நான் அதைப் பார்க்கக் கூடாதா என்று நினைத்தார். பொண்ணு என்னைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், அதைச் சரி செய்ய வேண்டுமானால் நான் அந்த சோபாவில் போய் உட்கார வேண்டும், உட்கார வேண்டுமானால் ஒழுகக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. சுற்றியிருந்தவர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்குப் போனதும் நீ ஒரு தடவை பாக்கறியா?" என்று கேட்டார்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எதை?"

"அதான்டி. அதை."

அன்றைக்குக் குளியலறைக் கதவு தாழ்ப்பாள் இல்லாமல் இருந்தது. மனைவி முதலில் இன்ச் டேப்பை எடுத்து அவர் இடுப்பை அளந்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புதுப் பாக்கெட்டின் மேல் இருந்த அளவைப் படித்தார். "கடவுளே, இது யானைக்கு வாங்கினதா? உங்க இடுப்புக்கு மீடியம் போதும்ங்க. பெரிசாப் போட்டா தொடைகிட்ட வாயைப் பொளந்துக்கிட்டுத்தான் நிக்கும்."

"கொஞ்சம் கூடுதலா இருந்தா..."

"இது சோபாவா, கூடுதலா விட்டு வெட்ட?"

மீடியம் வாங்கிவந்தார்கள். படத்தை முதன்முறையாக இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள். மகள் செய்தது போலவே முதலில் நீளவாக்கில் மடித்துக் குழிக்கச் சொல்லியிருந்தது. அப்படிச் செய்ததும் உள்ளே இரண்டு பக்கமும் சின்னச் சுவர் மாதிரி மடிப்பு எழுந்து நின்றது. அப்படி ஒரு மடிப்பு அதில் இருப்பதே குஷன்காரருக்கு அன்றைக்குத்தான் தெரியும். முன்னாலிருந்து பின்னால் செருகி, இடுப்பு இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று பார்த்து, ஃபிரிலை விரலால் வெளியே எடுத்து, தொடை மடங்குகிற இடத்தில் படியவிட்டார். ஆண்களுக்கென்று ஒரு விஷயம் படத்திலேயே போட்டிருந்தது: கீழ்நோக்கி இருக்கும்படி வைத்துக்கொண்டுதான் மூட வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு வழியாக மேலே ஏறும். மனைவி அதைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். குஷன்காரருக்குக் காது சிவந்துவிட்டது. "சிரிக்காத. படிக்கறதைப் படி."

சோதனை மறுநாள் கடையில். மர ஸ்டூல் ஒன்றின் மேல் மகள் வீட்டு சோபாவுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பால் நிறத் துணியைப் போட்டுப் பின் அடித்தார். அதன் மேல் உட்கார்ந்தார். ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் குடித்தார். எத்தனையோ மாசமாகப் பயந்து பயந்து வாயை நனைத்த மனுஷன், கடகடவென்று குடித்தார். ஒரு நாற்காலிக்கு உறை தைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வேண்டுமென்றே இருமினார், குனிந்தார். பூட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, இன்னிக்கு உக்காந்து வேலை பாக்கறீங்க?" என்றார். "உனக்கென்ன, போய் உன் சாவியைப் பாரு" என்று விரட்டினார். கடைசியில் எழுந்து தடவிப் பார்த்தார்.

ஈரம்.

மனுஷன் நொந்துபோனார். ஸ்டூலை ஒரு உதை உதைத்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார். "எல்லாம் செஞ்சேன். ஃபிரிலை எடுத்தேன், சைஸ் மாத்தினேன். எனக்கு விடிவே கிடையாது, விடு" என்றார்.

அவர் போட்டிருந்ததை மனைவி பார்த்தார். பட்டைகள் இரண்டு பக்கமும் இழுத்த இழுப்பில் கிழியாத குறை. அந்த இழுப்பில் தொடை ஓரம் தூக்கிக்கொண்டு, ஃபிரில் உடம்பில் ஒட்டாமல் அந்தரத்தில் நின்றது.

"உங்களை யாருங்க இப்படி விறைப்பா இழுக்கச் சொன்னா? பின் அடிக்கறதுதான் பாக்கி."

"தளர விட்டா சுருக்கம் விழும்டி."

"விழட்டும்! விழுந்தா என்ன, குடியா முழுகிப்போகும்? யார் பேன்ட்டுக்குள்ள வந்து பாக்கப்போறாங்க?"

மனைவியே ஒட்டிக் காட்டினார். கீழ்ப் பட்டையை முதலில், கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து. அப்போது தொடைப் பக்கம் கவ்விக்கொண்டது. மேல் பட்டையைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து. இடுப்பில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத்தான் இறுக்கம். வயிற்றுக்கு முன்னால் நாலைந்து சுருக்கம் விழுந்தது. குஷன்காரரின் விரல் அதை நீவப் போனது. மனைவி அந்தக் கையிலேயே ஒரு அடி கொடுத்தார்.

மறுநாள் ஸ்டூல் காய்ந்து கிடந்தது. அதற்கடுத்த நாளும். நிறைகிற வரைக்கும் காத்திருக்காமல் கொஞ்சம் முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டார். ஒரு நாள் மட்டும், அவசரத்தில் ஒரு பக்க ஃபிரிலை எடுக்க மறந்துபோய், அந்தப் பக்கம் மட்டும் நனைந்தது. அதில் அவருக்குச் சந்தோஷமே. ஏன் ஒழுகுகிறது என்று தெரிந்த ஒழுகல், பயப்பட வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்பு" என்றார்.

"என்னைத்தானே வரச் சொன்னா?"

"உன்னைத்தான் சொன்னா. நான் உன்னைக் கொண்டுவந்து விடறேன்."

கதவைத் திறந்தவர் சம்பந்தியம்மா. மனைவியை "வாங்க" என்றார். குஷன்காரரைப் பார்த்து, "நீங்களும் வாங்க. ஜன்னல் காலியாத்தான் இருக்கு" என்றார். மகள் சமையலறை வாசலில் நின்றாள், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளைதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தர்மசங்கடமாக வந்து நின்றார்.

குஷன்காரர் கூடத்துக்குப் போனார். சோபாவுக்கு முன்னால் நின்றார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார். திரும்பி நின்றார். தொப்பென்று விழுந்தார்.

அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"குடுங்க மாப்ள என் பேரனை" என்று இரண்டு கையையும் நீட்டினார். மடியில் நன்றாக உட்காரவைத்துக்கொண்டார். பிள்ளை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. மகள் கரண்டியோடு அப்படியே நின்றாள். சம்பந்தியம்மா போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். குஷன்காரர் ஒரு மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மாவின் முகம் இளகியதைப் பார்க்க வேண்டுமே.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளை ஆம்புலன்ஸில் நடந்த கூத்து ஒன்றைச் சொன்னார். குஷன்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொடையில் வெதுவெதுப்பாக இறங்கியது.

சிரிப்பு பாதியில் நின்றது. 'போச்சு' என்று நினைத்தார். 'எல்லாம் போச்சு. அதே சோபா, அதே துணி.' மனைவிக்கு அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்து, அவரும் வெளிறிப்போனார். குஷன்காரர் யாரும் பார்க்காதபடி ஒரு கையை அடியில் விட்டு சீட்டைத் தடவினார். காய்ந்திருந்தது. மறுபடி தடவினார். நன்றாகக் காய்ந்திருந்தது. மடியில் கை வைத்தார், சொதசொதவென்று ஈரம். பிள்ளையைத் தூக்கினார். அவன் கால் வழியாகச் சொட்டியது.

மனுஷன் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! மேலே மூத்திரம் போன குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். மனைவியும் சிரித்தார், அழுதார். மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஐயோ மாமா, சாரி மாமா. இப்பத்தான் நான் மாத்தினேன்" என்று மாப்பிள்ளை பதறினார்.

"நீங்கதான் மாத்தினீங்களா? இங்க வாங்க." குஷன்காரர் பிள்ளையைத் துண்டின் மேல் கிடத்தினார். "இதோ பாருங்க, இந்த ஃபிரில் உள்ள மடங்கிக் கெடக்குது. இதை விரலை விட்டு வெளிய எடுத்து விடணும். பட்டையும் இப்படி நேரா இழுக்கக் கூடாது. லேசாச் சாய்ச்சு ஒட்டணும்."

மாப்பிள்ளை வாயைப் பிளந்தார். "இதெல்லாம் உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

மனைவி அவரையே பார்த்தார். குஷன்காரர் பிள்ளையின் வயிற்றின் மேல் கையை வைத்தார்.

"நானும் போடறேன் மாப்ள. ஆபரேஷன்ல இருந்து. போடத் தெரியாமப் போட்டு ஊரெல்லாம் ஒழுக விட்டேன். உக்கார பயந்துக்கிட்டு நின்னேன்." மகளைப் பார்த்தார். "உன் மேல கோவமும் இல்லம்மா, மாப்ள மேல கோவமும் இல்ல. ஒரு தடவை இதே சோபாவுல ஆயிடுச்சு. யாருக்கும் தெரியாம குஷனைத் திருப்பிப் போட்டுட்டு ஓடினது நான்தான்."

மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அப்பாவின் தோளில் பட்டென்று ஒன்று வைத்தாள். "என்கிட்ட சொல்றதுக்கு என்னப்பா? என்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

சம்பந்தியம்மாதான் முதலில் பேசினார். "அந்தக் கறையா? அடப் பாவமே! நான் குஷனைத் துவைக்க எடுத்தப்பப் பாத்தேன். குழந்தைதான் மூத்திரம் போயிட்டான்னு நெனச்சு, பாத்துக் கெடத்த மாட்டியான்னு உங்க பொண்ணைத் திட்டினேன். அவ குழந்தையைத் திட்டினா. செய்யாத தப்புக்குப் புள்ள திட்டு வாங்கியிருக்கான்."

"இன்னிக்கு செஞ்சுட்டான்ல" என்றாள் மகள், அழுகைக்கு நடுவில். "சரியாப் போச்சு."

குஷன்காரர் ஈர பேன்ட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை உள்ளே போய்த் தன் லுங்கி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அதை வாங்கிக்கொண்டவர் எழுந்திருக்கவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொண்டே, "எழுந்திருக்கறேன், என்ன அவசரம்? இன்னொரு டம்ளர் தண்ணி குடும்மா" என்றார்.